எண்ணெய்க் கையும் உன் வண்டிச் சக்கரமும்

சாமி,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கப் போனேன். நேற்று ராத்திரிதான் சிக்னல் கிடைக்கிற அந்தப் பாறை மேல் ஏறி நின்று உன்னோடு போனில் பேசினேன். நீ நன்றாகத்தான் இருக்கிறாய், எனக்குத்தான் சரியில்லை. "கல்யாணம் முடிஞ்சு என் வண்டிய நானே ஓட்டிட்டு மலை எறங்கறேன்னா ஏனுங்கப்பா வேண்டாங்கறீங்க? என் மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்று கேட்டாய். நான் மிளகுக்கொடியைப் பார்க்கப் போகணும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்த இருட்டில் எவன் மிளகுக்கொடியைப் பார்க்கப் போவான்? பொய் சொன்னதும் உனக்குத் தெரிந்திருக்கும், அதனால்தான் நீ மறுபடி கூப்பிடவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்து என்றால் பாதியில் சிக்னல் போகாது. இதை உன் அம்மா படிக்கட்டும், மாப்பிள்ளை படிக்கட்டும், பந்தலுக்கு வரப்போகிற பங்காளிகள் எல்லாரும்கூடப் படிக்கட்டும். அவர்களுக்கும் நான் சொல்ல வேண்டியது இதில் இருக்கிறது.

உன் அப்பன் பயந்தாங்கொள்ளி. இது ஊருக்கே தெரியும், நீயும் சின்னப் பிள்ளையிலிருந்து கேலி பண்ணியிருக்கிறாய். ஆனால் எனக்குக் காட்டுப்பன்றியிடம் பயமில்லை, பாம்பிடம் பயமில்லை. அந்த எழுபது வளைவு இறங்குகிற ரோட்டிடம்தான் பயம். நீ கைக்குழந்தையாக இருக்கும்போது காய்ச்சலில் உடம்பு அனலாய்க் கொதித்தது. பஸ் போய்விட்டது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கிய லாரியில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன். அந்த டிரைவர் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று பாதி மலையில் வண்டியை நியூட்ரலில் போட்டுவிட்டான். பாரத்தோடு லாரி தானாக உருளுகிறது, அவன் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு வருகிறான். கொஞ்ச நேரத்தில் கருகுகிற வாடை. "ஏனுங்க, என்னமோ தீயுதுங்க" என்றேன். "பிரேக்குதாங்க, எறங்குனா சரியாயிரும்" என்று பீடியைப் பற்றவைத்தான். அடிவாரத்தில் காரவள்ளிக்கு வந்து இறங்கின பிறகுதான் நான் மூச்சு விட்டேன். அன்றைக்கு மூக்கில் ஏறிய அந்த வாடை இன்னும் இறங்கவில்லை. நீ ஒவ்வொரு தடவை மலை இறங்கும்போதும் காரவள்ளியில் நிறுத்திப் போன் பண்ணச் சொல்கிறேனே, அது இந்த வாடைக்காகத்தான்.

அப்படிப்பட்டவனிடம் நீ ஒரு பழைய கார் வாங்கிக்கொண்டு வந்து காட்டினாய். சேலத்து மருந்துக் கடையில் கால் கடுக்க நின்று சம்பாதித்த காசில் வாங்கிய வண்டி. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாவது தடவை மலை ஏறி வந்தபோது அது வாசலில் நிற்கும்போதே கீச்சென்று கத்தியது. "பிரேக் பேட் தேஞ்சுருச்சுப்பா. இரும்போட இரும்பு ஒரசுது" என்று ரொம்ப சாதாரணமாகச் சொன்னாய், செருப்பு தேய்ந்துவிட்டது என்கிற மாதிரி. மெக்கானிக்கிடம் காட்டு என்றேன். நீ சிரித்தாய். "மெக்கானிக் அடிவாரத்துல இருக்காருங்கப்பா. அடிவாரத்துக்குப் போகத்தான் பிரேக்கு வேணும்." அவனை மேலே வரச் சொன்னால் எப்போது வருவான் என்று சொல்ல முடியாது என்றாய். மலைக்குக் கீழே பேளுக்குறிச்சியில் உதிரி பாகம் விற்கிற பாய்க்குப் போன் போட்டு வண்டி மாடலைச் சொன்னாய், அவர் பேட்டைக் கட்டி பஸ்ஸில் கொடுத்துவிட்டார், நீ அதை வாங்கிவந்து வாசலில் வைத்தாய். அந்தச் சின்னப் பொட்டலத்தை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கை அகலம்கூட இல்லை. இதுவா உன்னையும் உன் அம்மாவையும் மலையிலிருந்து பிடித்து இறக்கப்போகிறது என்று நினைத்தேன்.

அந்த மத்தியானம் முழுக்க நான் உன் பக்கத்திலேயே நின்றேன். நீ இதற்கு முன்னால் ஒரு சைக்கிள் பஞ்சர்கூட ஒட்டினதில்லை. போனில் ஒரு வீடியோவை முந்தின நாளே பாறை மேல் உட்கார்ந்து இறக்கி வைத்திருந்தாய். அதைக் கொஞ்சம் ஓடவிடுவாய், நிறுத்துவாய், வேலையைச் செய்வாய், மறுபடி ஓடவிடுவாய். பின்சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னாய், வைத்தேன். ஒரு கல் போதும் என்றாய், நான் கிடைத்த கல்லையெல்லாம் கொண்டுவந்து அடுக்கினேன். ஜாக்கி வைத்து நீ வண்டியைத் தூக்கினாய். "காலை உள்ள நீட்டாத கண்ணு, காலை உள்ள நீட்டாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "அப்பா, நீங்க இப்படியே பேசிட்டிருந்தா நான் நட்டைத் தொலைச்சுருவேன்" என்றாய். சக்கரத்தைக் கழற்றினாய். அந்த இரும்பு வட்டும், அதைக் கவ்விக்கொண்டிருக்கிற இரும்பு வாயும் தெரிந்தது. டிஸ்க் என்றும் காலிப்பர் என்றும் பேர் சொன்னாய். வாயைத் திறந்து பழைய பேட்டை எடுத்து என்னிடம் கொடுத்தாய், வெற்றிலை மாதிரி மெலிந்து போயிருந்தது. இதை வைத்துக்கொண்டா மலை ஏறி வந்தாய் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. கேட்டால் நீயும் பயந்துவிடுவாய் என்று நினைத்தேன். நீயும் பயந்துகொண்டுதான் இருந்தாய் என்பது எனக்குத் தெரியாது.

இடது பக்கம் முடித்துச் சக்கரத்தை மாட்டிவிட்டாய். வலது பக்கமும் பேட் போட்டாயிற்று, சக்கரம் மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அப்போது தூறல் பிடித்தது, பனிமூட்டத்தோடு வருகிற நம் ஊர் மஞ்சுத் தூறல். ஒரு சாக்கை எடுத்துச் சக்கரம் இல்லாத இடத்தில் மூடினாய். மாப்பிள்ளை போன் பண்ணுகிற நேரம் என்று பாறைக்குப் போனாய். அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் தனியாக நின்றேன். சாக்கை விலக்கிப் பார்த்தேன். நீ துணி போட்டுத் துடைத்து வைத்திருந்த அந்த வட்டின் மேல், ஓரத்தில், அதற்குள்ளாகவே செம்மண் நிறத்தில் துரு பூத்திருந்தது. நம் மலையில் இரும்பை நனைய விட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அரிவாள், மண்வெட்டி, கோடாலி எதுவானாலும் காட்டிலிருந்து வந்ததும் துடைத்து, விளக்கெண்ணெய் தொட்டுத் தடவித்தான் கூரை இறவாணத்தில் செருகுவோம். அது என் கைக்கு யோசிக்காமல் வருகிற வேலை. மகள் இவ்வளவு பாடுபட்டுப் பண்ணியிருக்கிறாள், துரு பிடிக்க விடலாமா என்று எண்ணெய்ப் புட்டியை எடுத்துவந்து, துணியில் நன்றாக நனைத்து, அந்த வட்டுக்கு இரண்டு பக்கமும் தடவினேன். பேட்டுக்கும் வட்டுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில்கூடச் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். பளபளவென்று ஆகிவிட்டது. நாள் முழுக்கப் பயந்துகொண்டு நின்ற எனக்கு அந்த ஒரு நிமிஷம்தான் நிம்மதியாக இருந்தது. நானும் ஏதோ செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ வந்து அந்த மங்கல் வெளிச்சத்தில் சக்கரத்தை மாட்டினாய். தூறலில் எல்லாமே நனைந்து மின்னியது, எண்ணெய் எது தண்ணீர் எது என்று யாருக்குத் தெரியும்? வண்டியில் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்து மிதித்துப் பார்த்தாய். "கல்லு மாதிரி நிக்குதுப்பா" என்று சிரித்தாய். நான் எண்ணெய் போட்டதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை சாமி, சொல்லத் தோன்றவில்லை. அரிவாளுக்கு எண்ணெய் போட்டதை யாராவது போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்களா?

மறுநாள் காலையில் நீயும் அம்மாவும் பேளுக்குறிச்சிச் சந்தைக்கென்று கிளம்பினீர்கள். நீங்கள் போன பிறகு, பழுத்துக் கிடந்த பலாவை உரிக்கலாமென்று உட்கார்ந்தேன். பால் ஒட்டாமல் இருக்க அதே புட்டியிலிருந்து கைக்கும் கத்திக்கும் எண்ணெய் தடவினேன். கத்தியைப் பழத்தில் இறக்கும்போது பிடி வழுக்கிக் கத்தி எகிறி என் முழங்கால் பக்கத்தில் விழுந்தது. எடுத்துத் துடைத்துப் பிடித்தேன், மறுபடி வழுக்கியது. சனியன், எண்ணெய்க் கையில் எது நிற்கும் என்று திட்டிக்கொண்டே கையைப் பார்த்தேன். எண்ணெய்க் கையில் எது நிற்கும்? அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீ முந்தின நாள் விளக்கிச் சொன்னது காதில் வந்தது. "இந்த ரெண்டு பேட்டும் இந்த வட்டை இறுக்கிப் பிடிக்கும்ப்பா, அவ்வளவுதான் பிரேக்கு." பிடிக்க வேண்டிய இடத்தில் நான் எண்ணெயை ஊற்றியிருந்தேன்.

பாறைக்கு எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. கை வழுக்கிப் போனில் நம்பரைத் தொட முடியவில்லை, வேட்டியில் துடைத்துத் துடைத்துத் தொட்டேன். ரிங் போனது. நீ எடுக்கவில்லை. எடுக்காத போன் எடுக்க முடியாத போனாகத்தான் எனக்குத் தோன்றியது. பக்கத்து வீட்டு வெள்ளையன் பைக்கை எடுத்துக்கொண்டிருந்தான், பின்னால் ஏறிக்கொண்டு, "போடா, சோளக்காடு ரோட்டுல போடா" என்று கத்தினேன். "என்னங்கண்ணா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டான். ஒவ்வொரு திருப்பத்திலும் ரோட்டோரச் செடி ஒடிந்திருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டு போனேன். நம் வீட்டுப் பக்கம் ரோடு சமம்தான். ஆனால் இறக்கம் ஆரம்பித்துவிட்டால் ஒரு வளைவில் இடது பக்கம் பாறை, அடுத்த வளைவில் இடது பக்கம் வெறும் ஆகாசம். எந்த வளைவு உனக்கு முதலில் வரும் என்று என் மனசு கணக்குப் போட்டது. அப்படி ஒரு கணக்கை எந்த அப்பனும் போடக் கூடாது.

இறக்கத்துக்கு முன்னால், மரவள்ளிக் காட்டோரம், உன் வண்டி மூக்கை மண்வரப்பில் குத்திக்கொண்டு நின்றது. அம்மா ரோட்டோரம் சந்தைப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நெற்றியில் ஒரு வீக்கம். நீ வலது சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் குந்தியிருந்தாய். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. புதுப் பேட் போட்டால் சமதரையில் மெதுவாக ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் பழக்க வேண்டும் என்று அந்த வீடியோவில் சொல்லியிருந்தார்களாம். முந்தின நாள் மஞ்சில் முடியாததை இறக்கத்துக்கு முன்னால் செய்து பார்த்திருக்கிறாய். ஆள் நடக்கிற வேகத்தில் போய்க் கொஞ்சம் அழுத்தினபோது ஒன்றும் தெரியவில்லை. வேகம் கூட்டி ஒரே மிதியாக மிதித்தபோது வண்டி நேராக நிற்காமல் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் வரப்பில் ஏறிவிட்டது. இடது பக்கம் பிடித்தது, வலது பக்கம் பிடிக்கவில்லை. உன் போன் குலுக்கலில் சீட்டுக்கு அடியில் விழுந்து அங்கேயே அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

நீ கையை நீட்டி எனக்குக் காட்டினாய். "பாருங்கப்பா, ஒரே எண்ணெய். பிரேக் ஆயில் ஒழுகுது. நான்தான் எதையோ ஒடைச்சுட்டேன். அம்மாவ வேற கூட்டிட்டு வந்தனே, நான் ஒரு கூறுகெட்டவ" என்று அழுதாய். வெள்ளையன் என் முகத்தைப் பார்த்தான். நீ உன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு அழுவதைப் பார்த்துக்கொண்டு, மூச்சு வாங்குகிறவன் மாதிரி நின்றேன். அது எவ்வளவு நேரம் என்று இன்று வரைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

"அது ஆயில் இல்ல சாமி. வெளக்கெண்ண. நான்தான் போட்டேன்."

நீ நிமிர்ந்து பார்த்தாய். "துரு புடிக்குதுன்னு... அருவாளுக்குப் போடறாப்பல போட்டுட்டேன்." விரலை மூக்கில் வைத்து மோந்து பார்த்தாய். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாய். உன் அம்மாதான் பேசினாள். "அந்தக் கைய முறிச்சு அடுப்புல வெக்கோணும். பெத்த புள்ளையவே கொல்லப் பாத்தீங்களே" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிச் சொன்னதில்லை. சொன்னது சரிதான்.

அதற்குப் பிறகு நடந்தது ஒன்று உண்டு, அதைத்தான் நான் மறக்க மாட்டேன். எண்ணெய் குடித்த பேட் இனி உதவாது என்று நீ சீட்டுக்கு அடியிலிருந்து போனை எடுத்து அங்கிருந்தே பாய்க்குப் போட்டாய். ஸ்பீக்கரில் இருந்தது. அவர், "நேத்துத்தானம்மா அனுப்பிச்சேன்? எண்ணெயா? பேட்டுல யாரும்மா எண்ணெய ஊத்துனது?" என்று கேட்டார். நான் வரப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கை தவறிக் கொட்டிருச்சுங்க பாய், நான்தான் பாக்காம விட்டுட்டேன்" என்றாய். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உன்னைச் சாகடிக்கப் பார்த்தவனை நீ ஒரு கடைக்காரர் முன்னால்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

மத்தியானப் பஸ்ஸில் பேட் வந்தது. சோப்புத் தண்ணீர் போட்டு வட்டைத் தேய்த்து, காயவைத்து, மறுபடி துடைத்து, அந்த ரோட்டோரத்திலேயே இரண்டு பக்கமும் புதுசாகப் போட்டாய். முந்தின நாள் அரை நாள் எடுத்த வேலை, அன்றைக்குச் சீக்கிரம் முடிந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். அப்புறம் அந்தச் சமதரையில் போவதும் வருவதும் நிறுத்துவதுமாக நீ ஓட்டியதைப் பார்த்து வெள்ளையன், "போதுங்க அம்மிணி, ரோடு தேஞ்சுரும்" என்றான். நீ கேட்கவில்லை. அன்று மலை இறங்கவே இல்லை. மறுநாள் விடிந்து மஞ்சு விலகின பிறகுதான் இறங்கினாய், இரண்டாவது கியரிலேயே. நான் பாறை மேல் நின்றிருந்தேன். காரவள்ளியிலிருந்து "எறங்கிட்டோம்ப்பா" என்று நீ சொன்ன பிறகுதான் என் கால் இருக்கிறது என்றே எனக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து நீ வரும்போதெல்லாம் நான் வண்டிப் பக்கமே வராமல் தள்ளி நிற்கிறேன். ஏறி உட்காரச் சொன்னால் வேலை இருக்கிறது என்கிறேன். வண்டியைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, உன் ஓட்டுதலில் எனக்கு நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டாய். உன் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை கண்ணு. அன்றைக்கு உன் அம்மாவைக் காப்பாற்றியது என்ன? நீ பயந்துகொண்டு செய்து பார்த்தது. நானும் நாள் முழுக்கப் பயந்தேன். ஆனால் நான் பயந்தும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பயம் போகட்டும் என்று எதையோ செய்தேன். நீ பயந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தாய். அதனால் பயப்படாதே என்று உனக்கு நான் எப்போதும் சொல்ல மாட்டேன். புது வீட்டுக்குப் போகிறாய், புது மனுஷர்கள், அங்கேயும் அப்படியே இரு. தெரியாததை மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போ. உனக்கு நல்லது பண்ணுகிறேன் என்று சொல்லாமல் கொள்ளாமல் யாராவது எதையாவது செய்துவைத்தால், அது நானாகவே இருந்தாலும், ஒரு தடவை மோந்து பார்த்துவிடு.

நான் பயப்படுவது உன் கல்யாண நாளுக்கு. முகூர்த்தம் முடிந்ததும் நம் சனம் என்ன பண்ணும் என்று எனக்குத் தெரியும். நலங்கு வைத்த கை, விளக்கேற்றின கை, பலகாரம் சுட்ட கை, எல்லாம் எண்ணெய்க் கை. பொண்ணு மாப்பிள்ளை போகிற வண்டி என்று ஒருத்தி சந்தனம் பூசுவாள், ஒருத்தி குங்குமம் வைப்பாள், டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறேன் என்று ஒருத்தன் குனிவான், கண்ணு படக் கூடாதென்று சக்கரத்தில் எதையாவது தடவ இன்னொருத்தன் வருவான். உன் மேல் பிரியம் வைத்திருக்கிற கை அத்தனையும் அன்றைக்கு உன் வண்டி மேல்தான் விழும். அந்தப் பிரியத்தோடு நீ எழுபது வளைவு இறங்க வேண்டும். என் பிரியம் ஒன்றே உன்னை வரப்பில் கொண்டுபோய் விட்டது, ஊர்ப் பிரியத்தை எப்படித் தாங்குவாய்? அதனால்தான் வாடகை வேன் பேசலாம் என்றேன். அதில் எவன் எதைத் தடவினாலும் எனக்கென்ன என்று நினைத்தேன். அதிலும் நீதானே உட்காருவாய் என்று அப்புறம்தான் உறைத்தது, பார் என் புத்தியை.

ஓட்டிக்கொண்டு போ சாமி. முதல் நாள் ராத்திரி நீ சரிபார்த்து முடித்ததிலிருந்து நான் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். சந்தனமும் குங்குமமும் கண்ணாடியில் வைக்கட்டும், மாலையை முன்னால் கட்டட்டும், சக்கரத்துக்கிட்டே குனிகிறவன் தாய்மாமனாக இருந்தாலும் விடமாட்டேன். பொண்ணைப் பெத்தவன் பந்தலில் இல்லாமல் இங்கே என்ன பண்ணுகிறான் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உன்னைக் கைப்பிடித்துக் கொடுக்கிற நேரத்துக்கு மட்டும் ஆள் அனுப்பு. சீயக்காய் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன்.

கிளம்பும்போது ஆசீர்வாதம் என்று என்னை வண்டி மேல் கை வைக்கச் சொல்லாதே. நான் தள்ளியே நிற்பேன். நீ திரும்பிப் பார்க்கும்போது வாசலில் என்னைக் காணாவிட்டால் தேட வேண்டாம், பட்டு வேட்டியோடு பாறை மேல் ஏறியிருப்பேன். கல்யாணப் பொண்ணு, பக்கத்தில் மாப்பிள்ளை இருக்கிறார் என்றெல்லாம் கூச்சப்படாமல் காரவள்ளியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எனக்குப் போன் பண்ணு. நீ கூப்பிடுகிற வரைக்கும் இறங்க மாட்டேன்.

அப்பா